கெண்டை பிடித்த கால்

அந்தக் காலத்தில், எருமையும் கொக்கும் தவளையும் ஒரே பேச்சுப் பேசி ஒரே கண்மாயில் குடித்தனம் நடத்திய காலத்தில், ஆண் கொக்குகள் தரையில் கால் வைத்ததே இல்லை. கால் இல்லாமல் இல்லை. இன்றைக்கு இருக்கிற அதே நீளக் கால்கள்தான். விடிந்ததும் எருமை முதுகில் ஏறி உட்கார்ந்துகொள்வார்கள். எருமை தண்ணீரில் இறங்கினால் சேறு கலங்கி மீன் மேலே வரும். குனிந்து கொத்திக்கொள்ள வேண்டியதுதான். காலாட்டிக்கொண்டு சாப்பிடுகிறான் என்று நாம் சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்கிறோம். அவர்கள் உண்மையிலேயே காலை ஆட்டிக்கொண்டுதான் சாப்பிட்டார்கள்.

பெண் கொக்குகளுக்கு அந்தச் சுகம் வாய்க்கவில்லை. கூடு கட்டச் சுள்ளி வேண்டும். சுள்ளி எருமை முதுகில் முளைப்பதில்லை. அதனால் அவர்கள் கரை நெடுக நடந்து பொறுக்கினார்கள், நடந்து நடந்து கால் உரமேறிப்போனார்கள். அதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. அந்த மாதிரி வேலைகளைப் பேசுகிற வழக்கம் அப்போதும் இல்லை.

அந்தக் கண்மாயில் வெள்ளைச்சாமி என்று ஒரு கொக்கு இருந்தான். அவன் பெண்டாட்டி செங்கமலம். தண்ணீருக்குள் நின்ற ஒரு கருவேல மரத்தில் கூடு கட்டியிருந்தார்கள். வெள்ளைச்சாமி நல்லவன். முட்டை இட்ட நாள் முதல் முறை வைத்து அடைகாத்தவன். உட்காருகிற வேலை என்றால் அவனுக்கு யாரும் இரண்டு தடவை சொல்ல வேண்டியதில்லை. மற்ற நேரமெல்லாம் கருப்பாயி என்கிற எருமையின் முதுகில் இருப்பான். அவள் காதில் உண்ணி பொறுக்குவான், ஊர்க்கதை பேசுவான். அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவான்.

அந்த வருஷம் கோடை முந்திக்கொண்டது. முட்டையிலிருந்து குஞ்சுகள் வெளியே வந்த வாரத்திலேயே கரையில் புல் கருகிப்போயிற்று. எருமைகள் கூடிப் பேசி, மலையடிவாரத்துக்குப் போய்விட்டு மழைக்குத் திரும்பி வருவது என்று முடிவெடுத்தன. ஆண் கொக்குகள் எல்லாம் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. எருமை போகிற இடம்தானே அவர்களுக்கு ஊர். கருப்பாயியும் வெள்ளைச்சாமியைக் கூப்பிட்டாள். அவன் அவள் முதுகில் இருந்தபடியே கருவேல மரத்தைப் பார்த்தான். ரோமம்கூட முளைக்காத நாலைந்து கழுத்துகள் கூட்டின் விளிம்பில் ஆடிக்கொண்டிருந்தன. "நீ போயிட்டு வாக்கா" என்று சொல்லிவிட்டு இறங்கிக்கொண்டான். வாழ்க்கையில் ஒரு நாள் நடந்து பழகாதவன், நடக்க வேண்டிவரும் என்று தெரிந்தே இறங்கினான். இந்த ஒரு காரியத்துக்காகவே அவனை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

எருமைகள் போனதும்தான் வீட்டு நிலைமை அவனுக்கு விளங்கியது. தண்ணீர் மரத்தடியை விட்டு விலகி, நடுக் கண்மாயில் ஒரு பள்ளமாகச் சுருங்கிவிட்டது. மீன் எல்லாம் அங்கேதான். செங்கமலம் வெயில் ஏறுவதற்கு முன்பும் சாய்ந்த பிறகும் கொஞ்ச நேரம் போய்ப் பிடித்து வருவாள். அது குஞ்சுகளுக்கு அரை வயிறுதான். மற்ற நேரம் அவளால் கூட்டை விட்டு அசைய முடியாது. மேலே வெயில், அதற்கு மேலே பருந்து. எழுந்து நின்று இறக்கையை விரித்து நிழல் பிடித்தாக வேண்டும். ஆகவே பகலில் மீன் பிடிக்கிற வேலை வெள்ளைச்சாமியுடையது. தண்ணீரில் நிற்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

அந்த அவ்வளவுதான்தான் அவனுக்கு வரவில்லை. பள்ளத்தில் இறங்கி ஒரு அடி எடுத்து வைத்தான், முழங்கால் மடிந்து முகம் குப்புற விழுந்தான். மறுபடி எழுந்தான், மறுபடி விழுந்தான். கரையில் இருந்த தவளை ஒன்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதைக் கண்மாயில் எல்லோரும் வஸ்தாது என்றுதான் கூப்பிடுவார்கள். தண்டால், பஸ்கி என்று நாள் முழுக்கக் கரையில் கசரத்து எடுத்துக்கொண்டிருக்கும். கேட்காதவர்களுக்கும் சொல்லிக்கொடுக்கும். தொடை மட்டும் திரண்டிருந்தால் உலகத்தில் எதையும் சாதிக்கலாம் என்பது வஸ்தாதின் கொள்கை.

வெள்ளைச்சாமி நேரே போய் அதன் காலில் விழுந்தான். அப்போது அவன் எங்கே போனாலும் விழத்தான் செய்தான் என்பது வேறு விஷயம். வஸ்தாது அவனை அன்றைக்கே பயிற்சியில் சேர்த்துக்கொண்டது. நாளைக்கு ஆகிற வேலையை இன்றைக்கே முடித்துவிடுவோம் என்றது. நம் ஆளுக்கோ ஆர்வக்கோளாறு. வஸ்தாது பத்து பஸ்கி என்றால் இவன் இருபது எடுத்தான். கரையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தான். வஸ்தாது போதும் என்ற பிறகும் இன்னொரு நடை போய் வந்தான். பிறந்ததிலிருந்து நடக்காத நடையையெல்லாம் ஒரே நாளில் நடந்து கடனைத் தீர்ப்பவன் போல நடந்தான்.

சாயங்காலம் கூட்டுக்கு வந்தபோது அவனுக்குத் தலைகால் புரியவில்லை. காலில் ஒரு வலியும் இல்லை என்றான். நாளையிலிருந்து மீன் மழைதான் என்றான். குஞ்சுகளை வரிசையாகக் கூப்பிட்டு அப்பாவின் தொடையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னான். சுள்ளி பொறுக்கப் போன முதல் நாள் செங்கமலத்துக்கும் இப்படித்தான் இருந்தது. சொன்னால் கேட்கிற நேரம் இல்லை என்று விட்டுவிட்டாள்.

வலிக்கு ஒரு குணம் உண்டு. வேலை செய்த அன்றைக்கு வராது. அன்றைக்கே வந்தால் நாம் கொஞ்சம் அடக்கி வாசிப்போம் என்று அதற்குத் தெரியும். ஆற அமர மறுநாள் வரும், அதற்கடுத்த நாள் உறவுக்காரர்களையும் கூட்டிக்கொண்டு வரும். மறுநாள் காலையில் வெள்ளைச்சாமி கண்ணைத் திறந்தான், எழுந்திருக்கப் பார்த்தான், அப்படியே கிளையில் உட்கார்ந்துவிட்டான். தொடை தன்னுடையதாக இல்லை. குதிகாலிலிருந்து இடுப்பு வரை யாரோ முறுக்கிப் பிழிந்து காயப்போட்டது போல இருந்தது. உயிர் காலிலிருந்து மேல்நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது என்று முடிவு கட்டினான்.

"கமலம், நான் பிழைக்க மாட்டேன். பிள்ளைகளைப் பாத்துக்க."

"எங்க வலிக்குது?"

"எங்க வலிக்கலைன்னு கேளு."

அவள் அலகால் அவன் ஆடுசதையை மெல்ல ஒரு அமுக்கு அமுக்கினாள். அவன் போட்ட சத்தத்தில் பருந்து ஒரு வட்டம் தள்ளிப் போயிற்று. அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"கெண்டைக்கால் பிடிச்சிருக்கு, வேற ஒண்ணுமில்லை. கெண்டையைப் பிடிக்கப் போனீங்க, கெண்டை உங்களைப் பிடிச்சிருச்சு."

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. வஸ்தாதிடம் பறந்து போனான். வஸ்தாதுக்கு ஒரே சந்தோஷம். வலிக்கிறதென்றால் வேலை செய்கிறது என்று அர்த்தம், வலியை வலியால்தான் விரட்ட வேண்டும், இன்றைக்கு இரண்டு மடங்கு எடு என்றது. பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்தான். கொக்குக்கு ஏது பல் என்று கேட்காதீர்கள், அன்றைக்கு அவன் எதையோ கடித்துக்கொண்டுதான் எடுத்தான். அதற்கு மறுநாள் கால் வீங்கி, தொட்டாலே கண்ணில் நீர் வந்தது.

கரைச் சேற்றில் ஓர் ஆமை கிடந்தார். கண்மாய்க்கே அவர் மாமா முறை. வெள்ளைச்சாமி அவரிடம் போனான். அசைவதால்தான் சகல நோயும் வருகிறது, என்னைப் பார், அசையாமலே இத்தனை காலம் ஓட்டிவிட்டேன், படுத்துவிடு மாப்பிள்ளை என்றார் அவர். இந்த வைத்தியம் அவனுக்கு மனதுக்கு உகந்ததாக இருந்தது. சேற்றில் அவர் பக்கத்திலேயே படுத்தான். பகல் போயிற்று, இன்னொரு பகலும் போயிற்று. பிறகு எழுந்தபோது கால் காய்ந்த சுள்ளி மாதிரி விறைத்துப்போயிருந்தது. வலி குறையவில்லை. மடக்கினால் நீட்ட முடியவில்லை, நீட்டினால் மடக்க முடியவில்லை.

இதற்குள் கூட்டில் நிலைமை மோசமாகிவிட்டது. குஞ்சுகள் வளர்ந்துகொண்டிருந்தன, அரை வயிறு இப்போது கால் வயிறாகியிருந்தது. பெரிய குஞ்சுகள் கத்திக்கொண்டிருந்தன. கத்துகிறவரை பயமில்லை. கடைசிக் குஞ்சு அன்று காலையிலிருந்து கத்தவில்லை. கழுத்தைத் தூக்கவும் இல்லை. நீ போய்ப் பிடி, நான் நிழல் பிடிக்கிறேன் என்று வெள்ளைச்சாமி கூட்டில் ஏறி நின்றான். நின்ற வேகத்தில் கால் உதறி, அந்தக் கடைசிக் குஞ்சின் மேலேயே விழப்பார்த்தான். செங்கமலம் இறக்கையால் தாங்கி அவனைப் பக்கத்துக் கிளையில் உட்காரவைத்தாள்.

அவன் அழுதுவிட்டான். அதுவரை ஊருக்குக் கேட்கிற மாதிரி முனகிக்கொண்டிருந்தவன், இப்போது சத்தமே இல்லாமல் அழுதான்.

"சொந்தக் கால்ல நில்லு, சொந்தக் கால்ல நில்லுன்னு ஊரே சொல்லுது. எனக்கு அது எழுதலை கமலம். நான் மலைப்பக்கம் பறந்து போய்க் கருப்பாயி அக்காவைக் கையோட கூட்டிட்டு வந்துடறேன்."

போய்த் திரும்புவதற்குள் கடைசிக் குஞ்சு இருக்காது என்று இருவருக்கும் தெரியும். செங்கமலம் இறக்கையை விரித்தபடியே நின்று அவன் கால்களைப் பார்த்தாள். ஆடுகிற அந்த இரண்டு கால்களையும் வெகுநேரம் பார்த்தாள்.

"சொந்தக் கால்லன்னுதானே சொல்றாங்க. ரெண்டு கால்லயும்னு யாரு சொன்னா?"

அவன் விளங்காமல் பார்த்தான்.

"வஸ்தாது உழைன்னு சொல்லுது. ஆமை மாமா படுன்னு சொல்றாரு. ஒரு கால் வஸ்தாது பேச்சைக் கேக்கட்டும், இன்னொரு கால் மாமா பேச்சைக் கேக்கட்டும். அது அசந்தா இது, இது அசந்தா அது. விருந்தும் மருந்தும் மூணு நாளைக்குன்னு சொல்லுவாங்க, வலியும் அப்படித்தான். அதுகூட மல்லுக்கும் நிக்க வேணாம், அதைக் கட்டிக்கிட்டுப் படுக்கவும் வேணாம்."

பிறகு அவன் வலது காலை அலகால் மெல்ல மடக்கி, வயிற்று ரோமத்துக்குள் தள்ளிவிட்டாள். முட்டைகளுக்குச் சூடு கொடுத்த இடம் அது. அந்த ரோமத்தின் வெதுவெதுப்பு ஒத்தடம் கொடுத்த மாதிரி ஆடுசதையில் இறங்கியது. பல நாளுக்குப் பிறகு வெள்ளைச்சாமி ஒரு பெருமூச்சு விட்டான்.

அன்று பிற்பகலில் அவன் பள்ளத்துக்குப் போனான். இடது காலை ஊன்றினான், வலது காலை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டான். முதலில் இப்படியும் அப்படியும் ஆடினான். கழுத்தை உள்ளே இழுத்ததும் ஆட்டம் நின்றது. வலித்தது. ஆனால் தாங்கக்கூடிய வலி. கொஞ்ச நேரம் கழித்துக் காலை மாற்றினான். ஓய்ந்திருந்த கால் சூடேறி, இளகி, தானாகவே நீண்டு சேற்றைத் தொட்டது. இப்படி மாற்றி மாற்றி நிற்க நிற்க, வெள்ளையாக ஏதோ செடி முளைத்திருக்கிறது என்று நினைத்து மீன்கள் பக்கத்தில் வரத் தொடங்கின. ஒரு கெண்டை அவன் நிழலுக்குள்ளேயே வந்து நின்றது.

அந்த நேரம் பார்த்துக் கரையில் வஸ்தாதின் பிள்ளைகள் வந்து சேர்ந்தன. பள்ளத்தைப் பார்த்தன. ஒன்று சிரித்தது, மற்றதெல்லாம் சிரித்தது. நொண்டிக் கொக்கு, நொண்டிக் கொக்கு என்று ராகம் போட்டுக் கத்தின. வெள்ளைச்சாமிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மடக்கிய காலைச் சட்டென்று இறக்கி ஊன்றினான். அது இன்னும் தயாராகவில்லை. தடுமாறினான், தண்ணீர் தெறித்தது, கெண்டை போன இடம் தெரியவில்லை. மறுபடி காலை மடக்கினான். மறுபடி சிரிப்பு, மறுபடி இறக்கினான். மீன் பள்ளத்தின் அந்தக் கரைக்கே போய்விட்டது. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் தண்ணீருக்குள் இருப்பது எதுவும் கண்ணுக்குத் தெரியாது.

பருந்து பனைமரத்துக்குத் திரும்பியதும் செங்கமலம் கூட்டிலிருந்து இறங்கி வந்தாள். வரும்போதே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் வந்தாள். தவளைக் குஞ்சுகளை அவள் அதட்டவில்லை. வெள்ளைச்சாமிக்கும் புத்தி சொல்லவில்லை. அவன் பக்கத்தில், இறக்கையோடு இறக்கை இடிக்கிற நெருக்கத்தில் வந்து நின்றாள். பிறகு தன் ஒரு காலைத் தூக்கி வயிற்று ரோமத்துக்குள் மடக்கிக்கொண்டாள்.

அவன் பதறிப்போய்க் கேட்டான்.

"உனக்கும் வலிக்குதா?"

"இல்லை."

"பின்னே?"

"சும்மா நில்லுங்க. மீன் வருது."

அவன் நின்றான். இந்த முறை காலை இறக்கவில்லை. தவளைக் குஞ்சுகள் சிரிக்க வாயைத் திறந்தன, ஆனால் யாரைப் பார்த்துச் சிரிப்பது என்று அவற்றுக்குப் பிடிபடவில்லை. ஒருவர் காலை மடக்கினால் நொண்டி. இரண்டு பேர் சேர்ந்து மடக்கினால் அது என்னவோ, பெரியவர்கள் விஷயம். கொஞ்ச நேரம் முழித்துவிட்டு, சத்தம் போடாமல் கரையைத் தாண்டிப் போய்விட்டன. பள்ளம் அமைதியானது. தண்ணீர் தெளிந்தது. அந்தக் கெண்டையோ அதன் தம்பியோ, மெதுவாக நீந்தி வந்து இரண்டு கால்களுக்கு நடுவே நின்றது. ஒன்று அவனுடைய கால், ஒன்று அவளுடைய கால்.

வெள்ளைச்சாமி கொத்தினான். தானே நின்று தானே பிடித்த முதல் மீன். அதை விழுங்காமல், யாரிடமும் காட்டிப் பெருமையடிக்காமல், நேரே கூட்டுக்குப் பறந்து போய்க் கடைசிக் குஞ்சின் தொண்டையில் இறக்கினான். அது விழுங்கியது. வெகுநேரம் கழித்துக் கழுத்தைத் தூக்கி, இன்னொன்று வேண்டும் என்று ஒரு கத்துக் கத்தியது. அந்தச் சத்தத்தைப் போல இனிமையான சத்தத்தை அந்தக் கண்மாய் அதற்கு முன் கேட்டதில்லை என்றே நான் சொல்வேன்.

செங்கமலம் சொன்ன மாதிரி வலி தங்கவேண்டிய நாள் தங்கிவிட்டுச் சொல்லாமல் போய்விட்டது. வலி இருந்த இடத்தில் வலு வந்து உட்கார்ந்துகொண்டது. வெள்ளைச்சாமி இப்போது கரையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு அலட்டாமல் நடந்தான், போதும் என்று தோன்றியதும் நிறுத்தினான். குஞ்சுகளுக்கு ரோமம் முளைத்தது, சிறகு முளைத்தது. மழை இறங்கி எருமைகள் திரும்பி வந்தபோது கருப்பாயி அவனைப் பார்த்து யாரோ என்று நினைத்தாள். அவன்தான் என்று தெரிந்ததும் முதுகைக் காட்டினாள். ஏறி உட்கார்ந்து காதில் உண்ணி பொறுக்கிக்கொண்டே கோடைக்கதை முழுவதையும் சொல்லித் தீர்த்தான். சொல்லி முடித்ததும் இறங்கித் தண்ணீருக்குள் நடந்து போனான். எருமை முதுகில் வந்த மற்ற ஆண் கொக்குகள் அதைப் பார்த்து, கொஞ்சம் வெட்கப்பட்டு, ஒவ்வொருவராக இறங்கினார்கள். மறுநாள் காலையில் கண்மாய் முழுக்க ஒரே முனகல். செங்கமலம் ஒவ்வொருவரிடமும் போய் ஒரு காலை மடக்கிவிட்டு வந்தாள்.

எல்லோருக்கும் வலி போன பிறகும் வெள்ளைச்சாமியும் செங்கமலமும் அந்த வழக்கத்தை விடவில்லை. பொழுது சாய்கிற நேரம் கரையோரத் தண்ணீரில் பக்கத்தில் பக்கத்தில் வந்து, ஆளுக்கு ஒரு காலை மடக்கிக்கொண்டு நிற்பார்கள். எதற்கு என்று பிள்ளைகள் கேட்டதில்லை. அப்பாவும் அம்மாவும் நிற்கிறார்கள், நாமும் நிற்போம் என்று தாங்களும் நின்றன. அவற்றின் பிள்ளைகளும் நின்றன.

அன்று முதல்தான் கொக்குகள் ஒரு காலை மடக்கிக்கொண்டு நிற்கின்றன. கரையில் போகிறவர்கள் அதைத் தவம் என்கிறார்கள், தந்திரம் என்கிறார்கள். அடுத்தடுத்து நிற்கிற இரண்டு கொக்குகளில் எதற்குக் கால் வலிக்கிறது, எது துணைக்கு நிற்கிறது என்று மட்டும் இன்றுவரை யாராலும் சொல்ல முடிந்ததில்லை.